சேனைப் பூ பூத்த திங்கட்கிழமை

பிணவாடை என்று முதலில் சொன்னது நான்தான். அதை ஒப்புக்கொண்டுவிட்டு ஆரம்பிப்பதுதான் நியாயம். எங்கள் தெருவில் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள், அதை எதிர்வீட்டு அண்ணன் சொன்னதாகவும் முனைவீட்டு அம்மா சொன்னதாகவும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். என்னை மட்டும் விட்டுவிடுகிறார்கள். டீச்சர் என்றால் அப்படி ஒரு சலுகை உண்டு.

நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் எடுக்கிறேன். வீடு வில்லியனூர் பக்கத்தில் ஒரு கிராமம். ஏழே வீடுள்ள தெரு. தெரு முடிகிற இடத்தில் முன்பு வயல் இருந்தது, இப்போது மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். என் கணவர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர். எந்தக் காரியத்துக்கும் முதலில் ஒரு மனு எழுதவேண்டும் என்று நினைக்கிற மனிதர். எனக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும், புத்தி பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வரும்.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா தனியாக இருக்கிறார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். கணவர் தவறிப் பல வருடம் ஆகிறது, குழந்தைகள் இல்லை. முன்பெல்லாம் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவர், நடுவதற்கு வயல் இல்லாமல் போனபின் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சேர்ந்தார். ஒரு வாரம் விடியற்காலை ஷிப்ட், ஒரு வாரம் மத்தியான ஷிப்ட். கம்பெனி வேன் மெயின் ரோட்டில் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவர் எப்போது போகிறார், எப்போது வருகிறார் என்று தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. வீட்டு முன்னறையில் மாதா படத்துக்குக் கீழே ஒரு சின்ன நீல பல்பு இரவும் பகலும் எரியும். அதைப் பார்த்தால் ஆள் இருப்பது போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும்.

அவருக்கும் எனக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் ஒரு சேனைக்கிழங்கு.

பொங்கல் முடிந்த வாரம். மடுகரையில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய்வந்த அக்கா, அங்கே தோண்டிய சேனைக்கிழங்கில் பாதியை மதில்மேல் வைத்துக் கொடுத்தார். பாதியே நான்கு கிலோ இருக்கும். மண்கூடக் காயவில்லை. மறுநாள் என் நாத்தனார் குடும்பத்தோடு வந்திறங்கினார், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே. நான் அவசர அவசரமாகக் கிழங்கில் ஒரு துண்டு நறுக்கி, மிளகாய்த்தூள் பிசறி, எண்ணெயில் போட்டு எடுத்துவிட்டேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பந்தியில் நாலு பேர் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நாத்தனார் மகளுக்கு உதடு தடித்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது. "எங்க அம்மா வூட்ல இதெல்லாம் நடந்ததே இல்ல" என்றார் நாத்தனார். எரிகிற கொள்ளியில் அவர் ஊற்றிய எண்ணெய் அது.

நான் நேராகத் தோட்டத்துக்குப் போய் மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கத்தினேன். "காட்டுக் கிழங்கக் குடுத்து எங்க வூட்டு ஆளுங்கள சாவடிக்கப் பாத்தியா நீ?"

அதுவரைக்கும் 'நீங்க' என்று பேசிய வாய் அன்றைக்கு 'நீ' என்றது. தெருவில் ஏழு வீட்டுக்கும் கேட்டது. அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"புளித்தண்ணில வேக வெச்சீங்களா டீச்சர்?"

கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் நான் வேக வைக்கவில்லை. அரேசி என்ற இந்தக் குடும்பத்துச் செடிகளின் உடம்பு முழுக்கக் கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும், கடித்தால் நாக்கிலும் தொண்டையிலும் போய்க் குத்தும், புளியில் வேக வைத்தால் அரிப்பு அடங்கும் என்று வருடாவருடம் வகுப்பில் சொல்கிறவள் நான். மைக்ராஸ்கோப்பில் அந்த ஊசிகளைக் காட்டிப் படம் வரையச் சொல்லி மதிப்பெண்கூடப் போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவளைப் பார்த்து, நடவு நட்ட அம்மா, தெருவே பார்க்கப் புளி போட்டீங்களா என்று கேட்டுவிட்டார். அவர் கேட்டது சரி என்பதுதான் தாங்கவில்லை. மிச்சக் கிழங்கை அப்படியே தூக்கி, குளியலறைத் தண்ணீர் போய்ச் சேரும் மதிலோர மூலையில் வீசினேன். அதன் நடுவில் முளைக்கண் இருந்ததைப் பார்க்கவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

பேசாமல் இருப்பதும் ஒரு வேலைதான். அவர் தெருக்குழாயில் நிற்கும்போது நான் போகமாட்டேன். நான் கோலம் போடும்போது அவர் வாசலுக்கு வரமாட்டார். ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது மழை வந்தால், கொடியில் கிடக்கும் என் துணிகளை அவர் எட்டி எடுத்து மடித்து, மதில்மேல் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்பார். நான் சாயங்காலம் வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக்கொண்டு உள்ளே போவேன். ஒருதரம் இல்லை, பலதரம். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மழைக்காலத்தில் அந்த மூலையில் சேனை முளைத்தது. "உங்க எதிரி மொளச்சிருக்கு, பாருங்க டீச்சரம்மா" என்று கணவர் கேலி செய்தார். இடுப்பளவு உயரம், பாம்புத்தோல் போலப் புள்ளிபோட்ட தண்டு, மேலே விரித்த குடை. பார்க்கிறவர்கள் செடி என்பார்கள். உண்மையில் தண்டும் குடையும் சேர்ந்து மொத்தமே ஒற்றை இலைதான். கிளை போலத் தெரிவதெல்லாம் அந்த ஒரு இலையின் பிரிவுகள். தையில் அது மஞ்சளாகிச் சாய்ந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள் தூங்கப் போய்விடும். இப்படி மூன்று வருடம் வந்தது, போனது. நான் தண்ணீரும் ஊற்றவில்லை, பிடுங்கவும் இல்லை. இந்த வருடக் கோடை ஆரம்பத்தில் அந்த இடத்தில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஒன்றைச் சாத்திவைத்து, தென்னை மட்டைகளையும் போட்டு, அப்படி ஒன்று அங்கே இருந்ததையே மறந்துவிட்டோம்.

இந்த மே மாதம், அக்னி நட்சத்திரத்தில் ஒரு மழை கொட்டியது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் அந்த நாற்றம் ஆரம்பித்தது.

எலி செத்திருக்கும் என்று கணவர் பிரிட்ஜை நகர்த்தினார். காணாமல்போன கரண்டி ஒன்று கிடைத்தது, எலி இல்லை. பரணில் ஏறிப் பழைய பாத்திரங்களை இறக்கினோம். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். சாம்பிராணி போட்டேன். சாம்பிராணி வாசனையும் அதுவும் கலந்து இன்னும் மோசமானது. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு படுத்தோம்.

திங்கட்கிழமை காலையில் தெருவுக்கே வந்துவிட்டது. பெரிய பெரிய பச்சை ஈக்கள் பக்கத்து வீட்டு மதிலைச் சுற்றி மொய்த்தன. கொத்தனார் வேலை பார்க்கும் எதிர்வீட்டு அண்ணன் பல் துலக்கிக்கொண்டே வந்தார்.

"இன்னா டீச்சர், உங்க வூட்டாண்ட இப்பிடி நாறுது? நாய் ஏதாச்சும் செத்துக் கெடக்குதா?"

"நாயும் இல்ல, எலியும் இல்லண்ணே" என்றேன். "இது பிணவாடை."

சொன்ன வேகத்தில் சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு, உள்ளே ஆள் இருந்தாலும் வெளியே போனாலும் ஒரே மாதிரிதான் தெரியும். ஜன்னல் இடுக்கில் நீல பல்பு எரிந்தது. படியில் அவருடைய ரப்பர் செருப்பு ஜோடியாகக் கிடந்தது.

"அக்காவப் பாத்து எத்தினி நாளாச்சு?" என்று கேட்டார் முனைவீட்டு அம்மா.

வியாழக்கிழமை வேனுக்குப் போகும்போது பார்த்தேன் என்றார் எதிர்வீட்டு அண்ணன். அவர் மனைவி, அது அதற்கும் முந்தின வாரத்து வியாழன் என்றார். சனிக்கிழமை மாவு மெஷினில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், பிறகு அது வேறு ஆள் என்றார். நான் மதிலுக்கு இந்தப் பக்கம், பதினைந்து அடி தூரத்தில் இருக்கிறேன். எனக்கு எதுவுமே சொல்லத் தெரியவில்லை. கொடியில் அவர் துணி காய்ந்ததா, தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டதா என்று யோசித்துப் பார்த்தேன். மூன்று வருடமாக அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிய கண் எதையும் கவனிக்கவில்லை.

அண்ணன் தன் கைப்பேசியிலிருந்து அக்காவுக்கு அடித்தார். உள்ளே, கதவுக்குப் பின்னால், மணி ஒலித்தது. முழுதாக ஒலித்து நின்றது. மறுபடி அடித்தார். மறுபடி ஒலித்து நின்றது.

அண்ணனின் மச்சானுக்குக் கேன்டீன் எடுத்து நடத்துகிறவரைத் தெரியும். அவரைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்கள். "வியாழக்கெழம காலையிலியே ஆஸ்பத்திரிக்குன்னு கெளம்புனாங்க. அதோட ஆளு வேலைக்கு வரல" என்றார் அவர்.

போதாதா? உடம்பு முடியாமல் பாதி வேலையில் கிளம்பியிருக்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்திருக்கிறார், எழுந்திருக்கவில்லை. எல்லோர் மனதிலும் இதே கணக்குதான். முனைவீட்டு அம்மா படியில் உட்கார்ந்து, "எங்கள வுட்டுட்டுப் பூட்டியே எம்மா" என்று குரலெடுக்க ஆரம்பித்தார். அவர் ஒப்பாரிக்குப் பேர்போனவர், எந்தச் சாவிலும் முந்திக்கொள்வார். அன்றைக்கு யாரும் அவரைச் சிரிப்போடு பார்க்கவில்லை.

"போலீசுக்குச் சொல்லிட்டு அப்புறம் கதவத் தொடலாம்" என்றார் என் கணவர். முறைப்படி அவர் சொன்னதுதான் சரி.

"உள்ள உயிர் இருந்தா?" என்றேன்.

"இந்த நாத்தத்துல எப்பிடிம்மா உயிர் இருக்கும்?"

எனக்கும் தெரியும். ஆனாலும் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டிருப்பாரோ, மதிலைத் தட்டியிருப்பாரோ, நான் டிவி சத்தத்தில் கேட்காமல் இருந்தேனோ என்று நினைப்பு ஓடியது. கடைசியாக அந்த மனுஷியிடம் நான் பேசிய பேச்சு 'சாவடிக்கப் பாத்தியா நீ' என்பது. அதுவே கடைசிப் பேச்சாக நின்றுவிட்டால் மீதி நாளெல்லாம் நான் எங்கே கொண்டுபோய் அதை வைப்பேன்? அண்ணனிடம் கடப்பாரையைக் கொண்டுவரச் சொன்னேன். அவர் என் கணவரைப் பார்த்தார். "அவரப் பாக்காதீங்க, ஒடைங்க" என்றேன்.

மூன்று நெம்பில் பூட்டு பெயர்ந்தது. எல்லோரும் முந்தானையையும் துண்டையும் மூக்கில் வைத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். நான் உள்ளே போனேன்.

முன்னறையில் யாரும் இல்லை. பாய் சுருட்டிச் சுவரோரம் நின்றது. கைப்பேசி சார்ஜரில் செருகியபடி ஜன்னல் கட்டையில் கிடந்தது. மாதா படம், நீல பல்பு, துடைத்த தரை. சமையல்கட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கிண்ணம் கவிழ்த்து வைத்திருந்தது. நாள்காட்டியில் ஷிப்ட் மாறும் தேதிகளைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். அந்த வீட்டுக்குள் நான் நுழைந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்பும் எத்தனை முறை நுழைந்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தால், விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்தான் எப்போதும் வருவார்.

உள்ளே ஒரு கெட்ட வாசனையும் இல்லை. துவைத்த துணி வாசனைதான். பின்கதவைத் திறந்தேன். நாற்றம் முகத்தில் அறைந்தது. ஈக்கள் மதிலைத் தாண்டி எங்கள் தோட்டத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தன.

திரும்பி ஓடி எங்கள் பக்கம் வந்து, மட்டைகளை இழுத்துப்போட்டு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சாய்த்தேன்.

இலை இல்லை, தண்டு இல்லை. வெறும் மண்ணிலிருந்து ஒரு பூ வந்திருந்தது. தரையோடு தரையாக, ஒரு முழ அகலம். வெளிப்புறம் வெளிறிய பச்சையில் புள்ளிகள், உட்புறம் ஈரல் நிறம், ஓரமெல்லாம் சுருக்கம் வைத்துத் தைத்த பாவாடை போல மடிந்திருந்தது. நடுவில் கருஞ்சிவப்பாக, சுருங்கி மடிந்த ஒரு பெரிய கொண்டை. அதன்மேல் ஈக்கள். அடியில், மடல் குவிந்த இடத்தில், கறுப்பு வண்டுகள் ஏற முடியாமல் ஊர்ந்துகொண்டிருந்தன.

எதிர்வீட்டு அண்ணன் கடப்பாரையோடு பின்னாலேயே வந்து நின்றார். "இன்னா டீச்சர் இது?"

மடல்கதிர் மஞ்சரி. எடுத்துக்காட்டு, சேனை. வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்து கரும்பலகையில் நான் எழுதிவருகிற வரி இது. அதன் லத்தீன் பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். புத்தகத்தில் படம் இருந்தது, நாற்றம் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், என் ஏட்டுச் சேனை ஒரு வீட்டுக் கதவையே உடைத்துவிட்டது.

குனிந்து அந்தக் கொண்டையைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது. பூக்கும் நாளில் இந்தச் செடி தன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும், அந்தச் சூட்டில் நாற்றம் தூரம் போகும், அழுகிய மாமிசம் என்று நம்பி வண்டும் ஈயும் வரும். கொண்டைக்குக் கீழே ஆண் பூக்கள், அதற்கும் கீழே பெண் பூக்கள். பெண் பூக்கள்தான் முதலில் விழிக்கும். வேறொரு சேனைப் பூவிலிருந்து மகரந்தம் சுமந்து வந்த வண்டு இருந்தால் அன்றைக்கே அதற்குக் கல்யாணம். மறுநாள்தான் ஆண் பூக்கள் வெடித்து, மஞ்சள் தூள் கொட்டும். தன் மகரந்தம் தனக்கே விழாமல் இருக்கத்தான் இந்த ஒரு நாள் இடைவெளி. அதற்குள் நாற்றம் போய்விடும், சூடும் போய்விடும், பூ சரிந்துவிடும். எங்கள் வட்டாரத்தில் யாரும் இதைப் பார்க்காததற்குக் காரணம் இருக்கிறது. கிழங்கைப் பூக்கிற அளவுக்கு யாரும் மண்ணில் விட்டுவைப்பதில்லை, தையில் தோண்டிக் குழம்பு வைத்துவிடுவார்கள். நான் கோபத்தில் விட்டுவைத்திருந்தேன்.

விஷயம் புரிந்ததும் தெரு சிரிக்க ஆரம்பித்தது. முனைவீட்டு அம்மா ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பார்க்க வந்து, "அட, இந்தப் பூவுக்கா நான் அழுதேன்?" என்றார். என் கணவர் வகுப்பே எடுத்தார். சேம்பும் கருணையும் ஆகாயத்தாமரையும் பிரிட்ஜ் மேல் வைக்கிற மணிபிளாண்ட்டும் எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள் என்று நான் வீட்டில் சொன்னதையெல்லாம் தன் சரக்காக எடுத்துவிட்டார். வசம்பையும் முன்பு இந்தக் குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள், பிறகு தனிக்குடித்தனம் அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னதற்கு நல்ல சிரிப்பு கிடைத்தது. பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பூ நாறியது சரி. அக்கா எங்கே?

அதைக் கேட்டதும் பிள்ளைகள்கூடக் கைப்பேசியை இறக்கினார்கள். நாற்றத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டதால் ஆள் உயிரோடு இருப்பதாக ஆகிவிடாது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு பெண்மணி திங்கட்கிழமை வரை வீடு திரும்பவில்லை. எந்த ஆஸ்பத்திரி, என்ன உடம்பு, யார் கூட இருக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. மடுகரைத் தம்பியின் எண் ஒருவரிடமும் இல்லை. அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிகளில் விசாரிக்கப் போனார். என் கணவர் போலீசுக்கு மனு எழுத உட்கார்ந்தார். அடையாளம் என்ற இடத்தில் எழுத அவரிடம் ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டார். மூக்குத்தி போட்டிருப்பாரா, எந்தப் பக்கம் என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அந்தத் தாளின் எதிரில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தை எந்த எதிரிக்கும் விரும்பமாட்டேன்.

மூன்று மணி பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினார்.

கையில் ஒரு துணிப்பை, காலில் கம்பெனி கொடுத்த கறுப்பு ஷூ, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. அதனால்தான் ரப்பர் செருப்பு வீட்டிலேயே கிடந்திருக்கிறது. முகம் தூக்கமில்லாமல் வீங்கியிருந்தது. தெரு முழுக்கத் தன் வாசலில் நிற்பதைப் பார்த்தார், பெயர்ந்து தொங்கும் பூட்டைப் பார்த்தார்.

"திருடனா?" என்றார்.

எதிர்வீட்டு அண்ணன் மனைவிதான் இழுத்து இழுத்துச் சொன்னார். "இல்லக்கா... ஒரே நாத்தமா இருந்துச்சு... ஃபோன் உள்ளயே அடிச்சிகினு இருந்துச்சு... நாங்க இன்னா நெனச்சிட்டோம்னா..."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. துணிப்பையைப் படியில் வைத்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார். "நான் செத்துப் பூட்டேன்னு நெனச்சிட்டீங்களா?" என்று கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "யாரு கதவ ஒடைச்சது?"

"டீச்சர்தான்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூன்று வருடத்தில் முதல்முறையாக நேருக்கு நேர். மூக்குத்தி இடப்பக்கம் இருந்தது.

நடந்ததைச் சொன்னார். கம்பெனியில் பேக்கிங் பிரிவில் ஒடிசாப் பெண் ஒருத்தி, நிறைமாதம். புருஷன் தன் அப்பா சாவுக்கு ஊருக்குப் போயிருக்கிறான். வியாழக்கிழமை காலையில் கேன்டீனில் டீ வாங்க நின்றவளுக்கு வலி எடுத்துவிட்டது. அவளுக்குத் தமிழ் பத்து வார்த்தை தெரியும், அதில் ஒரு வார்த்தை 'அம்மா'. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அப்படியே ஆட்டோவில் கூடப் போனவர், பிரசவ வார்டில் நாலு நாள் கூட இருந்திருக்கிறார். பெண் குழந்தை. இன்று காலையில் புருஷன் ரயிலில் வந்து இறங்கியபிறகுதான் அவளை விட்டுவிட்டு வந்திருக்கிறார். கைப்பேசியை அன்றைக்குக் காலையில் சார்ஜரிலேயே மறந்து போயிருக்கிறார்.

கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது. காலையிலிருந்து வயிற்றில் கிடந்த பயமெல்லாம் கோபமாக வாய்க்கு வந்தது. என் குணம் அப்படி.

"யாராவது ஒருத்தர் ஃபோன வாங்கி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று சத்தம் போட்டேன். "நாலு நாளு. எங்க உயிரே போயிடுச்சு இங்க."

"சொல்லலாம்னுதான் டீச்சர் பண்ணேன். ஆளக் காணோம்னு தேடுவீங்களேன்னு, வெள்ளிக்கெழம காலைல, வார்டு நர்ஸ் கிட்ட ஃபோனு வாங்கி ரெண்டு தரம் பண்ணேன்."

"யாருக்குப் பண்ணீங்க?"

"உங்களுக்குத்தான்" என்றார். "எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் அது ஒண்ணுதான். ரெண்டு தரமும் கட் ஆயிடிச்சு. சரி, கிளாஸ்ல இருப்பீங்கன்னு வுட்டுட்டேன்."

மே மாதம் ஏது கிளாஸ்? நான் கைப்பேசியைத் திறந்து பின்னால் தள்ளிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை, பெயரில்லாத ஒரு எண், இரண்டு முறை. லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் என்று நினைத்து இரண்டு முறையும் நானே வெட்டியிருந்தேன். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு வெட்டியது நன்றாக நினைவிருக்கிறது.

"என் நம்பர் உங்களுக்கு எப்படி..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினார். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள என்று அச்சிட்ட வரிக்கு எதிரில் என் எண் இருந்தது. உறவு என்ற இடத்தில் 'பக்கத்து வீடு' என்று எழுதியிருந்தது. அட்டை புதியது, மூலைகூட மடங்கவில்லை.

"நம்பரு வேலைக்குச் சேர்ந்தப்போ குடுத்தது" என்றார். "போன வருஷம் புதுக் கார்டு போட்டாங்க. இதே நம்பர்தானான்னு கேட்டாங்க, ஆமான்னுட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேட்டா வாணாம்னுடுவீங்கன்னு பயம். வேற யாரு நம்பர நான் குடுக்கறது?"

அட்டையைக் கையில் வாங்கினேன். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன, கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். கதவு உடைந்தபோது வராத அழுகை அப்போது வந்தது, தெருவே பார்க்க வந்தது.

அக்கா பயந்துவிட்டார். "நம்பரு ஏதாச்சும் தப்பா இருக்குதா டீச்சர்?"

"இல்லக்கா" என்றேன். "சரியாத்தான் இருக்கு."